நாய்களின் அடிசன் நோயும் ஓமோன் ஊசிமருந்தும்

நோய்கள் இருவகைப்படும். வேண்டாத ஒன்று உடலினுட் புகுதலால் விளைவன ஒருவகை. வேண்டிய ஒன்று உடலில் இல்லாதொழிதலால் விளைவன மற்றொருவகை. முன்னையவற்றில் மருந்து பகையை அழிக்கும். அழித்தபின் அதனை நிறுத்திவிடலாம். பின்னையவற்றில் மருந்து குறையை நிறைக்கும். குறை உள்ளவரை மருந்தும் வேண்டும். இவ்விரண்டாம் வகைக்குத் தக்க எடுத்துக்காட்டு நாய்களுக்கு உண்டாகும் அடிசன் நோயாகும்.

இலண்டன் மாநகரிற் கைஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த தோமஸ் அடிசன் என்பார், சிறுநீரகங்களை அடுத்து மேலே அமைந்த அதிரீனற் சுரப்பிகள் பழுதுற்ற மக்கள் வலியிழந்து, மேனி கறுத்து, மெலிந்து இறத்தலை 1855ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். மறு ஆண்டிற் பிரவுண் செக்கார் என்னும் உடற்றொழிலியலறிஞர், இச்சுரப்பிகள் அகற்றப்பட்ட விலங்குகள் விரைவில் மாண்டமை கண்டு, இவை உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதன எனக் கூறினார்.

இச்சுரப்பியின் புறணியிலிருந்து பிறக்கும் ஓமோன்களுள் இரண்டு ஈண்டுக் கருதத்தக்கன. ஒன்று அல்டொஸ்திரோன். சிறுநீரகம் சோடியத்தைக் காத்துப் பொற்றாசியத்தை வெளியேற்றுதல் இதன் ஏவலாலேயாம். மற்றொன்று கோட்டிசோல். பிணி, அச்சம், களைப்பு முதலிய நெருக்கடிகளை உடல் தாங்குதற்கு இது துணையாகும். நாய்களிற் பெரும்பாலும் உடலின் காப்பாற்றலே மாறுபட்டுத் தன் புறணியைத் தானே அழித்துவிடுகின்றது. அப்பொழுது சோடியமும், அதனுடன் நீரும் சிறுநீரில் வீணாகக் குருதியின் அளவு குறையும். பொற்றாசியம் மிக, இதயத்துடிப்புத் தளரும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி உடலுக்கும் பொருந்துவதொன்றே.

இந்நோயை அறிதல் எளிதன்று. உணவில் வெறுப்பு, வாந்தி, கழிச்சல், நடுக்கம், மெலிவு என்னும் குறிகள் தோன்றும், சின்னாளில் மறையும், மீண்டும் வரும். உப்புநீரை நாளத்திற் செலுத்தியதும் நாய் எழுந்து நடக்கும். இழந்த உப்பு ஒருவாறு ஈடுசெய்யப்பட்டமையே அதற்குக் காரணம். ஆயின் வளர்ப்போரோ வயிற்றுக்கோளாறு தீர்ந்ததென மகிழ்வர். இளமையும் நடுவயதும் உடைய நாய்களிடத்தும், ஆணினும் பெண்ணிடத்தும் இது மிகுதி. பெரிய பூடில் முதலிய சில இனங்களில் இது பரம்பரையாகவும் தொடரும். குருதியிற் சோடியம் குறைந்து பொற்றாசியம் மிகுந்திருப்பின் மிருகவைத்தியர் ஐயுறுவர். பின்னர்ச் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை ஊசியால் ஏற்றி, அதற்கு முன்னும் ஒரு மணிநேரத்தின் பின்னும் கோட்டிசோலை அளப்பர். தூண்டியும் அது உயராதாயின் நோய் உறுதியாகும்.

மருந்து வந்த வரலாறும் அறியத்தக்கது. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிற் சுவிங்கிள், பிபினர் என்னும் இருவர் சுரப்பிப் புறணியின் சாற்றை ஊட்டி, அச்சுரப்பிகள் நீக்கப்பட்ட பூனைகளையும் நாய்களையும் உயிருடன் வைத்திருந்தனர். 1937ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்திலே ரைக்ஸ்டைன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் டியொக்சிகோட்டிகோஸ்திரோன் என்னும் ஓமோன் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

அவ்வோமோனின் பிவலேற்று என்னும் வடிவமே இன்று ஊசிமருந்தாகப் பயன்படுகின்றது. இது நீரிற் கரையாது நுண்டுகள்களாக மிதப்பது. ஆதலின் குப்பியை நன்கு குலுக்கியே மருந்தை எடுத்தல் வேண்டும். மருந்தின் வகைக்கேற்பத் தசையிலோ தோலின் கீழோ இடப்பட்டதும், அத்துகள்கள் சிறிது சிறிதாகக் கரைந்து ஏறக்குறைய ஒரு மாதம் பயன் தரும். கிலோகிராமுக்கு 2.2 மில்லிகிராமாக 25 நாட்களுக்கு ஒருமுறை இடுதலே வகுக்கப்பட்ட தொடக்க முறை. 10 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு 22 மில்லிகிராம் ஆகும். குறைந்த அளவிலே தொடங்கும் வைத்தியரும் உளர். முதல் ஊசிக்குப்பின் ஏறக்குறைய 10ஆம் நாளிலும் 25ஆம் நாளிலும் குருதியைச் சோதித்து, அளவையும் இடைவெளியையும் அந்நாய்க்கேற்பத் திருத்துவர்.

இவ்வூசி உப்பின் சமநிலையை மட்டுமே காக்கும். கோட்டிசோலுக்கு ஈடாகப் பிரெட்னிசொலோன் என்னும் மாத்திரையைச் சிறிதளவு நாடோறும் கொடுத்தல் வேண்டும். நெடும்பயணம், அறுவைச்சிகிச்சை, வெடியொலி மிகுந்த திருநாள் முதலிய நெருக்கடி நாட்களில், வைத்தியர் சொற்படி அதனைக் கூட்டுதலும் வேண்டும். நலமுற்ற சுரப்பி தானே செய்யும் இவ்வேற்றத்தை இப்பொழுது வளர்ப்போரே கணக்கிட்டுச் செய்கின்றனர்.

இந்நாய்க்கு இடர் பெரும்பாலும் வருவது அது நலமாய்த் துள்ளி விளையாடும் காலத்திலேயாம். "நோய்தான் தீர்ந்ததே, இம்மாதம் ஊசி எதற்கு?" என்னும் எண்ணம் அப்பொழுதே எழும். துள்ளுதல் சென்ற மாத ஊசியின் பயன். அது தீர்ந்ததும் பொற்றாசியம் ஏற, நாய் திடீரென வீழ்ந்து மாளலாம். நாட்காட்டியிற் குறித்த நாளைத் தவறாது காப்போரிடத்து, இந்நோயுற்ற நாய் ஏனைய நாய்களைப் போன்றே ஆயுள் நிறைய வாழ்தல் கூடும்.

ஆய்வுக்கூடங்களில் நாய்கள் பல உயிர்கொடுத்தமையாற் கிடைத்த அறிவு, அடிசன் நோயுற்ற மக்களைக் காத்தது. இன்று அந்நாய்க்குலத்துக்கே மீண்டு வந்துள்ளது. தன் நோயைச் சொல்லவறியாத அவ்வுயிர்க்கு அதனைக் குறித்த நாளிற் கொண்டு சேர்த்தல் வளர்ப்போரின் கடனாகும்.