கருமுட்டை உறைசேமிப்பும் உயிர்ப்பிறப்பு வாய்ப்பும்: விழுக்காடுகளை வாசித்தல்

திறவுச்சொற்கள்: கருமுட்டை, உறைசேமிப்பு, கண்ணாடியாக்கம், நிகழ்தகவு, உயிர்ப்பிறப்பு

முன்னுரை

பெண்ணொருத்தி தன் கருமுட்டைகளை இளம் அகவையில் எடுத்து உறையவைத்து, பின்னாளில் அவற்றின்வழி மகப்பேறு அடைதல் இன்று மருத்துவ வழக்கில் நிலைபெற்றுள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்னர் இம்முறையை மேற்கொள்வோர் உளர். கல்வி, பணி, உரிய துணை அமையாமை ஆகிய காரணங்களால் மேற்கொள்வோரும் பெருகி வருகின்றனர். இவர்கள் மருத்துவரிடம் கேட்கும் முதன்மை வினா, குழந்தை பிறக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதாகும். இதற்கு 39, 51, 70, 75 எனப் பல விடைகள் ஆய்வுகளில் காணப்படுகின்றன. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு தொகையினரைக் கணக்கில் கொண்டது. அத்தொகையினர் யாவர் என்பதைப் பிரித்தறிய இக்கட்டுரை முயல்கிறது.

உறையவைத்தலின் இடர்

மனித உடலின் உயிரணுக்களுள் பெரியது கருமுட்டை, ஏறத்தாழ 0.1 மி.மீ. விட்டமுடையது, நீர் மிகுந்தது. மெதுவாகக் குளிர்விக்கும்போது அந்நீர் பனிப்படிகங்களாக மாறி முட்டையின் உள்ளமைப்பைச் சிதைக்கும். ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டோபர் சென் 1986இல் உறைமுட்டையின்வழி நிகழ்ந்த முதற் பிறப்பைப் பதிவு செய்தபின்னும் இம்முறை நெடுங்காலம் பரவாமைக்கு இதுவே காரணம். விட்ரிஃபிகேஷன் எனப்படும் கண்ணாடியாக்க முறை இந்நிலையை மாற்றியது. உறைகாப்புப் பொருள்களில் முட்டையைத் தோய்த்து, −196 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள திரவ நைட்ரஜனில் நொடிப்பொழுதில் குளிர்விக்கும்போது, படிகம் தோன்ற இடமின்றி நீர் கண்ணாடிபோல் இறுகுகிறது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இல் இம்முறைக்குரிய ‘சோதனைநிலை’ என்னும் அடையை நீக்கியது.

ஆயினும் உறைதல் முட்டையின் அகவையை நிறுத்துமேயன்றிக் குறைக்காது. பெண் கருவிலிருக்கும்போதே தோன்றிய முட்டைகளில் குரோமோசோம்களைப் பிணைத்து வைக்கும் புரதங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல நலிகின்றன. அதனால் குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்ந்த முட்டைகள் 35 அகவைக்குப்பின் விரைந்து மிகுகின்றன. எனவே வாய்ப்பைப் பெரிதும் முடிவு செய்வது முட்டை எடுக்கப்பட்ட அகவையே.

ஒரு முட்டைக்குரிய வாய்ப்பு

பாஸ்டனில் கோல்ட்மன் குழுவினர் 2017இல் வெளியிட்ட கணிப்பு மாதிரி இங்கு பயன் தருவது. குறைந்தது ஓர் உயிர்ப்பிறப்பிற்கு 75% வாய்ப்பு வேண்டின், 34 அகவையில் 10, 37இல் 20, 42இல் 61 முதிர்ந்த முட்டைகள் தேவை என்பது அதன் கணிப்பு. ஒவ்வொரு முட்டையின் வாய்ப்பும் தனித்தது எனக் கொண்டு இவ்வெண்களைத் திருப்பிக் கணக்கிட்டால், ஒரு முட்டை குழந்தையாகும் வாய்ப்பு முறையே ஏறத்தாழ 13%, 7%, 2% என அமைகிறது. உருகிப் பிழைத்தல், கருவுறுதல், கரு வளர்தல், கருப்பையில் பதிதல் ஆகிய ஒவ்வொரு படியிலும் சில கழிந்துபோதலின் விளைவே இச்சிறுமை. பத்து முட்டைகளைப் பத்துக் குழந்தைகளாக எண்ணும் மயக்கம் விளம்பரங்களைக் காண்போர்க்கு எளிதில் நேர்கிறது.

42 அகவையில் 61 முட்டைகள் என்பது ஏட்டளவிலான எண்ணே. ஒரு சுழற்சியில் சில முட்டைகளே கிடைக்கும் அகவையில், எத்தனை முறை ஊசியும் மயக்கமருந்தும் செலவும் வேண்டும் என்பதை எண்ணினால் அது புலப்படும். மேலும் இம்மாதிரி, உறையவைக்காத முட்டைகளைக் கொண்டு நிகழ்ந்த சிகிச்சைகளின் தரவை அடியாகக் கொண்ட கணிப்பாகும்.

மெய்ப்பதிவுகள் காட்டுவன

உறைமுட்டைகளை உண்மையில் பயன்படுத்தியோர் பதிவு, நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து 2022இல் வெளிவந்தது. பதினைந்தாண்டுக் காலத்தில் முட்டைகளை உருக்கிப் பயன்படுத்திய 543 பெண்களுள் உயிர்ப்பிறப்பு வாய்ப்பு 39% எனக் கண்டறியப்பட்டது. இவர்கள் முட்டையை உறையவைத்த இடைநிலை அகவை 38.3 என்பதை மறந்து இவ்வெண்ணை வாசித்தல் பிழையாகும். 38 அகவைக்கு முன் உறையவைத்தோர்க்கு வாய்ப்பு 51%. அவர்களுள்ளும் 20 அல்லது அதற்கு மேற்பட்ட முதிர்ந்த முட்டைகளை உருக்கியோர்க்கு 70%. இக்கடைசி எண் மட்டும் எடுத்தாளப்படும்போது, அதற்குப் பின்னாலுள்ள இரு நிபந்தனைகளும் மறைந்துவிடுகின்றன. அந்நிபந்தனைகள் நிறைவேறினும் பத்தில் மூவர் குழந்தையின்றித் திரும்புகின்றனர்.

இவையனைத்தும் திரும்பி வந்தோர் கணக்கு. ஸ்பெயினில் கோபோ குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அகவை கருதி உறையவைத்த 5,289 பெண்களுள் திரும்பி வந்தோர் 641 பேர், அதாவது ஏறத்தாழ 12%. எஞ்சியோருள் இயல்பாகக் கருவுற்றவரும், கருத்தை மாற்றிக்கொண்டவரும், இன்னும் காத்திருப்போரும் இருக்கக்கூடும். இதனால் முறைக்கு முரணான ஒரு நிலை எழுகிறது. 28 அகவையில் உறையவைப்பவளின் முட்டை சிறந்தது. ஆனால் அது தேவைப்படாமற் போகும் வாய்ப்பும் அவளுக்கே மிகுதி. 40இல் உறையவைப்பவளுக்குத் தேவை மிகுதி. முட்டையின் பயனோ குறைவு.

சேமிப்புக் காலமும் சட்டமும்

திரவ நைட்ரஜனில் கிடக்கும் கால அளவு முட்டையைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. எனினும் பிரித்தானியாவில் மருத்துவக் காரணமின்றி உறையவைத்த முட்டைகளைப் பத்தாண்டுகளே வைத்திருக்க இயன்றது. இளமையில் உறையவைத்தோர், தேவை நேருமுன்பே அவற்றை இழக்கும் நிலை இருந்தது. 2022 ஜூலை முதல் பத்தாண்டுகளுக்கொரு முறை ஒப்புதலைப் புதுப்பித்து 55 ஆண்டுகள் வரை சேமிக்க அங்கு வழி செய்யப்பட்டது. முட்டை இளமையாக இருப்பினும், அதனைச் சுமக்கும் உடலுக்குப் பேறுகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகிய இடர்கள் அகவையோடு மிகுகின்றன. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், 21 அகவைக்கு மேலும் 50 அகவைக்குக் கீழும் உள்ள பெண்களுக்கே இச்சேவைகளை வழங்க இசைகிறது. ஆதலின் முட்டை எத்தனை ஆண்டுகள் கெடாதிருப்பினும், இங்கு ஒரு பெண் அதனைத் தன் மகப்பேற்றுக்குப் பயன்கொள்ளும் காலம் ஐம்பதாம் அகவையோடு முடிகிறது.