வாயிற்படியும் பாதரட்சையும்

வீட்டினுள்ளே காலணியோடு நடப்பது தகுமா என்ற வினாவுக்கு நம்மிற் பெரும்பாலோர் தரும் விடை, சுத்தம் என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். தெருப்புழுதி உள்ளே வரலாகாது. ஆகவே செருப்பு விறாந்தைக்கு வெளியே கிடக்கவேண்டும். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதியதன்று. புழுதி ஒன்றே காரணமாயின், தெருவை ஒருபோதும் மிதியாத வீட்டுச் செருப்புக்கு எவ்விடத்தும் தடை இருத்தலாகாது. அதற்கும் எல்லைகள் உண்டு. அவ்வெல்லைகளை வகுப்போர் யார், அவற்றுக்குக் கட்டுப்படுவோர் யார் என்பனவே சமூகவியல் நோக்கில் ஆராயற்பாலன.

யப்பானிய இல்லம் இதற்குத் தக்க சான்றாகும். 'கென்கன்' எனப்படும் நுழைவிடம் ஏறத்தாழ நிலமட்டத்திலேயே அமைந்திருக்கும். வீட்டுத் தளம் அதனினும் ஒரு படி உயர்ந்தது. ஈரலிப்பு மிகுந்த கோடையைக் கொண்ட அந்நாட்டில், நிலத்தினின்று உயர்த்திய தளத்திலேயே இருத்தலும் உண்டலும் உறங்கலும் நிகழ்ந்தமையால், அப்படியே அகத்துக்கும் புறத்துக்கும் எல்லையாயிற்று. வீட்டுச் செருப்போ அங்குத் தொன்மையானதன்று. மெய்ஜி ஆட்சிக்காலத்தில் (1868-1912) மேனாட்டார் தொடர்பினாற் பரவியது அது. 'சுரிப்பா' என்னும் அதன் பெயரும் ஆங்கிலத்தின் வழி வந்ததே. மரத்தளத்தில் அதனை அணியலாம். வைக்கோலை இறுக்கித் தைத்து மேலே கோரைப்பாய் போர்த்த 'தத்தமி'யில் அணியலாகாது. கழிப்பறைக்கு வேறொரு சோடி உண்டு. மறதியாக அதனோடு கூடத்துக்கு வந்துவிடும் அந்நியர் நகைப்புக்கு ஆளாவர். இத்தனை நுணுக்கமான விதிகளிருப்பினும், வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒரே படியிலேதான் காலணி கழற்றுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. இதனைக்கொண்டு அச்சமூகத்தைச் சமத்துவ சமூகம் எனக் கொண்டாடவும் முடியாது. தோற்றொழில் செய்தோரை 'எத்தா' என ஒதுக்கிவைத்த சமூகம் அது. சட்டத்தில் அவ்விழிநிலை 1871ஆம் ஆண்டு ஆணையினாலேயே நீங்கிற்று.

உருசிய வீடுகளிலும் பனியும் சேறும் படிந்த காலணியை வாயிலிற் களைந்துவிட்டு, விருந்தினருக்கெனவே வைத்திருக்கும் வீட்டுச் செருப்பை அணிவர். இங்கும் விதி வருவோர் யாவர்க்கும் பொதுவானது.

அதிகாரம் குறுக்கிடும்போது விதியின் இயல்பு மாறிவிடுகின்றது. டல்ஹௌசி ஆட்சியில், 1854இல், ஐரோப்பியப் பாணிச் சப்பாத்து அணிந்த சுதேசிகள் அரச வைபவங்களுக்கு அதனோடு வரலாம் என வங்காளத்தில் அனுமதி வழங்கப்பட்டது. சுதேசச் செருப்பு அணிந்தோர் முன்போலவே கழற்றவேண்டியிருந்தது. இரண்டிலும் ஒட்டுவது ஒரே தெருவின் புழுதிதான். பர்மாவிலோ ஆளும் இனத்தார் தூபிகளின் முற்றத்திற் சப்பாத்தோடு நடந்தனர். அதற்கெதிரான பௌத்தர்களின் கிளர்ச்சி 1919 அளவில் அந்நாட்டுத் தேசிய எழுச்சியோடு இணைந்தது.

தமிழர் வீடுகளில் வீட்டுச் செருப்பு அண்மைக்கால வரவே. நீரிழிவினால் உணர்விழந்த பாதங்களைக் காயத்தினின்று காக்க, வீட்டினுள்ளும் செருப்பணியுமாறு மருத்துவர் கூறுவதும் அதன் பரவலுக்கு ஒரு காரணமாகும். அச்செருப்பும் சுவாமியறை வாயிலில் நின்றுவிடுகின்றது. இது வரை வந்தவர் யாவர்க்கும் பொதுவான வழக்கமே.

ஆனால், நம் சமூகத்திற் காலணி கழற்றவேண்டிய எல்லை எல்லோர்க்கும் வீட்டுப் படியாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு அது தெருமுனையிலேயே தொடங்கிற்று. ஆதிக்கச் சாதியினரின் தெருவழியே செல்வோர் செருப்பைக் கையிலேந்திச் செல்லவேண்டும் என்ற வழக்கம் தமிழகக் கிராமங்கள் பலவற்றில் நிலவியது. 1930 டிசெம்பரில் இராமநாதபுரப் பகுதியில் ஆதிதிராவிடர்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்துள்ளார். ஆடவர் குடை பிடித்தலும் செருப்பணிதலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்திலும் மேலாடை, காலணி முதலியன சாதியின் பெயரால் மறுக்கப்பட்டமை நாம் அறிந்ததே. தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்தவரே அதனை அணிந்து நடத்தல் குற்றமாயிற்று! இங்கே சுத்தம் என்னும் விளக்கத்துக்கு இடமே இல்லை. தெருவுக்குரிய பொருளைத் தெருவிலேயே அணியக்கூடாது என்பதற்கு எந்தச் சுகாதார நியாயமும் பொருந்தாது.

இத்தடை பழங்கதையுமன்று. 2016 சனவரியில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பட்டியற் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்திற் காலணி அணிவதைத் தடுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாகப் பெயர் சுட்டிக் குறிப்பிடவேண்டியிருந்தது.