ஜாஷ் கிப்ஸனின் கணக்கு

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தின்மீதுள்ள மோகம், நம்மவர்க்குக் கிரிக்கெட்டின்மீதுள்ள மோகத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. பந்தை மட்டையால் அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம் கிடைக்கும். அந்த இடத்திற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘ஹோம்’, அதாவது வீடு. பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டுச் சாவகாசமாக வீடு திரும்புவதுதான் ‘ஹோம் ரன்’. ஏழாவது இன்னிங்ஸின் நடுவே கூட்டம் முழுவதும் எழுந்து நின்று, சோம்பல் முறித்துப் பாட்டுப் பாடும். இவையெல்லாம் வேடிக்கையான வழக்கங்கள். அவர்கள் மெய்யான பக்தியுடன் பூஜிப்பது கணக்குப் புத்தகத்தைத்தான்.

ஆயிரம் முறை அடிக்க வந்தவர் எத்தனை முறை நல்ல அடி அடித்துத் தளம் சேர்ந்தார் என்பதே அவருடைய சராசரி. 300 எட்டியவர் சிறந்த ஆட்டக்காரர். 1905 முதல் 1928 வரை ஆடிய டை காப் என்பவரின் சராசரி 367. நெடுங்காலம் அதுவே எவரும் எட்டாத சிகரமாக இருந்தது.

எவரும் எட்டவில்லையா, அல்லது எட்டக்கூடியவர்களை மலையடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்களா?

1884-ஆம் ஆண்டில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பர் டோலிடோ நகரக் கோஷ்டியில் ஆடினார். அதற்குப் பின் 1947 வரையில் பெரிய லீக்குகளில் கறுப்பருக்கு இடமில்லை. இதற்குச் சட்டம் என்று ஒன்றும் எழுதிவைக்கவில்லை. முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவே. எழுதாத சட்டத்தை எந்த நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடுவது?

விலக்கப்பட்டவர்கள் கைகட்டி நிற்கவில்லை. ரூப் ஃபாஸ்டரின் முயற்சியால் 1920-இல் கான்சாஸ் நகரில் அவர்களுக்கென ஒரு லீக் பிறந்தது. பிறகு வேறு சிலவும் தோன்றின. அக்கால வழக்குப்படி அவை நீக்ரோ லீக்குகள் எனப்பட்டன. ஊர் ஊராகப் பஸ்ஸில் சென்று ஆடினார்கள். பல ஊர்களில் ஹோட்டல்காரர்கள் அவர்களை உள்ளே விடமாட்டார்கள். மைதானத்தில் பலமுறை ‘வீடு’ திரும்பியவர், இரவில் படுக்க இடமின்றிப் பஸ்ஸிலேயே உறங்குவார்.

அவர்களில் தலைசிறந்தவர் ஜாஷ் கிப்ஸன். 1911-இல் ஜார்ஜியாவில் பிறந்து, பிட்ஸ்பர்க் நகரில் வளர்ந்தவர். ஹோம்ஸ்டெட் கிரேஸ் கோஷ்டியில் புகழ் பெற்றார். 1972-இல் கூப்பர்ஸ்டவுன் கீர்த்தி மண்டபத்தில் அவருக்குப் பட்டயம் வைத்தபோது, ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் அடித்தவர் என்று பொறித்தார்கள். அந்த ‘ஏறக்குறைய’ என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளை ஆட்டக்காரரின் ஒவ்வோர் அடிக்கும் கணக்கு உண்டு. கிப்ஸனுக்கு மிஞ்சியவை கதைகள்.

ஆராய்ச்சியாளர் சிலர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்தார்கள். 2020-இல் பேஸ்பால் நிர்வாகம் 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்றது. 2024 மே மாதத்தில் 2,300-க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களின் எண்கள் அதிகாரபூர்வமான புத்தகத்தில் ஏறின. கிப்ஸனின் சராசரி 372! டை காப் இரண்டாம் இடத்திற்கு இறங்கினார்.

குறைந்த ஆட்டங்களை வைத்துக் கணக்கிடலாமா என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. கணக்கு வாத்தியார் என்ற முறையில் அந்த ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். ஆயினும் ஆட்டங்கள் ஏன் குறைந்தன என்பதையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். லீக் ஆட்டங்களின் வசூல் ஜீவனத்திற்குப் போதாமல், கணக்கில் சேராத காட்சி ஆட்டங்களையே அவர்கள் நம்பியிருந்தார்கள். சராசரி என்பது பாரபட்சமற்ற எண் என்று வகுப்பில் பலமுறை கூறியிருக்கிறோம். இனி அவ்வளவு துணிவுடன் கூற வாய் வராது.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் கோஷ்டிக்காக இறங்கித் தடையை உடைத்தார். அவர் அணிந்த 42-ஆம் எண்ணை 1997-இல் எல்லாக் கோஷ்டிகளும் அவருக்கே விட்டுக்கொடுத்தன. இப்போது ஆண்டுதோறும் அந்நாளில் எல்லா ஆட்டக்காரர்களும் 42 அணிந்தே ஆடுகிறார்கள்.

அந்த நாளுக்கு 85 நாட்கள் முன்பு, ஜனவரி 20 அன்று, கிப்ஸன் தம் 35-ஆம் வயதில் காலமாகிவிட்டார். பிட்ஸ்பர்க்கில் அவருடைய சமாதியின்மேல் 1975 வரையில் ஒரு கல்கூட இல்லை. பின்னர் நாட்டிய கல்லில் பெயரும், ‘கதைகளில் வாழும் பேஸ்பால் ஆட்டக்காரர்’ என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கின்றன. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் தவிர அதில் வேறு எண் கிடையாது.