நிறமில்லாத படத்தில் தாத்தா தெரிவது எப்படி?

கோல சிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தாத்தாவின் முகம் அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படமாகவே கிடைத்தது. அந்த அட்டை 1948இல், அவசரகாலத்தோடு மலாயாவுக்கு வந்தது. நிறமே இல்லாமல் அவரை எப்படி அடையாளம் காண்கிறோம்?

மூளை முகத்தைப் பெரும்பாலும் ஒளி, நிழல் அமைப்பாலேயே படிக்கிறது. வெளிச்சமும் இருளும் இடம் மாறிய நெகட்டிவில் சொந்த அண்ணனைக் கண்டுபிடிக்கவே தடுமாறுவோம். ஆகவே தாத்தாவின் படத்தைப் பென்சிலில் பெரிதாக வரையும்போது, கோட்டைவிட நிழலைக் கவனியுங்கள்.

2எச் பென்சிலில் களிமண் அதிகம், கோடு வெளிறும். 6பியில் கிராஃபைட் அதிகம், கறுக்கும். ஆனால் கண் ஏமாற்றும்: ஒரே சாம்பல், கறுத்த முடியருகே வெளிறியும் வெள்ளைச் சட்டையருகே இருண்டும் தெரியும். கண்ணை இடுக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மங்கி, பெரிய நிழல்கள் மட்டும் நிற்கும். அவற்றை முதலில் போடுங்கள். விழியின் வெள்ளைகூட இமை நிழலில் சாம்பல்தான்.

பால் மரம் வெட்டிய தாத்தாவின் முகத்தைத் தயவுசெய்து வெளுக்க வைக்காதீர்கள். கறுத்த தோலில்தான் நெற்றியின் பளபளப்பு எடுப்பாகத் தெரியும். அங்கே தாளை வெறுமையாக விடுங்கள், சுற்றிலும் துணிந்து 6பியை அழுத்துங்கள்.