மகள் கெம்பஸில் சங்கம் நடத்துகிறாளாம்: பெற்றோர் சந்தேகங்களும் விளக்கங்களும்

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வீட்டில் கொஞ்ச நாளைக்குத் திருவிழாதான். திருக்கோவிலில் அது இன்னும் கூட. சித்திர வேலாயுதருக்கு அர்ச்சனை, தம்பிலுவில் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல், தெருவெல்லாம் கற்கண்டு. சிக்கல் இரண்டாம் வருடத்தில் தொடங்குகிறது. பிள்ளை சிறப்புக் கற்கைக்குத் தெரிவாகிறது. லீவில் வீட்டுக்கு வந்தும் இரவு பத்து மணி வரை போன் காதை விட்டு இறங்குவதில்லை. கேட்டால் “சங்கத்துக் கூட்டம்”.

“படிக்கத்தானே அனுப்பினோம்?” என்று அம்மாமார் கேட்பதை அக்கரைப்பற்று பஸ்ஸில் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்முனைப் பக்கத்து உம்மாமாரும் இதையேதான் கேட்கிறார்கள். என்னிடம் வந்த சந்தேகங்கள் சில இங்கே.

சிறப்புக் கற்கை என்றால் ஒரு வருடம் கூடப் படிப்பது, அவ்வளவுதானே?

கணக்குக்கு அப்படித்தான். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. கடைசி வருடத்தில் ஒரு ஆய்வும் எழுத வேண்டும். ஆனால் பெற்றோர் கவனிக்காத ஒன்று உண்டு. முதல் வருடத்தில் பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்த பிள்ளை, சிறப்புக் கற்கைக்குள் போனதும் ஒரு சிறிய வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பட்டம் முடியும் வரை அதே முகங்கள். துறைச் சங்கத்தையும் அந்த முகங்கள்தான் நடத்த வேண்டும். செயலாளர், இதழாசிரியர், கருத்தரங்குக் குழு என்று ஏதோ ஒன்று ஒவ்வொருவர் தலையிலும் விழும். உங்கள் பிள்ளை பதவிக்கு ஆசைப்பட்டுப் போயிருக்க வேண்டும் என்றில்லை. முறை வந்திருக்கும்.

இந்தச் சங்கங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா? இல்லை, பொடியன்கள் சேர்ந்து நடத்தும் கூத்தா?

இடம் உண்டு. மாணவர் ஒன்றியம் பற்றியும் மாணவர் சங்கங்கள் பற்றியும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பேசுகிறது. கூத்து என்றீர்களே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அடுத்த கேள்வியில் வருகிறது.

படிப்புக் கெடாதா?

கெடலாம். விரிவுரைக்கு 80 சதவீத வரவு கேட்கும் இடத்தில், “சங்க வேலையாகப் போனேன்” என்ற சாட்டு எடுபடாது. முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 என்ற புள்ளிச் சராசரி பதாகை கட்டினால் வந்துவிடாது. இறுதி வருடத்தில் ஆய்வு தொடங்கியதும் பதவியைத் தம்பி தங்கச்சிமாரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குவதுதான் புத்தி. ஒதுங்காத பிள்ளைக்கு நீங்களே சொல்லலாம்.

ஆனால் மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கூட்டி ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கூத்து மேடையேற்றினார். நம் கிழக்கின் வட்டக்களரியில் விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, மின்விளக்கு மேடைக்குக் கொண்டுபோன வேலை அது. ஆடியவர்கள், பாடியவர்கள், ஒத்திகைக்கு ஆள் சேர்த்தவர்கள் எல்லாருமே பகலில் விரிவுரைக்குப் போன பிள்ளைகள். இராவணேசனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழும் மாணவர் கையால் வந்ததே. அந்த வீடுகளிலும் “படிக்கத்தானே அனுப்பினோம்” என்று யாரோ முணுமுணுத்திருப்பார்கள்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பிள்ளை தனித்துப் போகாதா?

திருக்கோவிலில் இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். யுத்தத்தால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களின் படிப்பை மனதில் வைத்துத்தான் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியில் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. இன்று அங்கே முஸ்லிம், சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள்.

சமயத்துக்கும் மொழிக்கும் தனித்தனிச் சங்கம் இருப்பதில் எனக்குக் குறையில்லை. சரஸ்வதி பூசைக்கு ஆள் வேண்டும், இப்தாருக்கும் ஆள் வேண்டும். ஆனால் பிள்ளை அந்த ஒன்றோடு நின்றுவிட்டால் நட்டம். துறைச் சங்கத்தின் மேசையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் கூட்டம் வைக்கலாமா, ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று சுற்றுலா போடலாமா, அறிவித்தலை எத்தனை மொழியில் ஒட்டுவது என்று பேசித்தான் ஆக வேண்டும். இருபது வயதில் இதைப் பேசிப் பழகாமல் நாற்பது வயதில் பிரதேச சபையில் போய் உட்காருபவர்களின் சத்தத்தை நாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

சேராவிட்டால் சீனியர்மார் விடுவார்களா?

சேர வைப்பதற்காக மிரட்டினால், அவமானப்படுத்தினால், அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை கிடைக்கலாம். பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. “பேட்ச்சை விட்டுத் தள்ளிவிடுவோம்” என்று அதட்டும் சீனியரின் பெயரை மாணவர் ஆலோசகரிடம் சொல்லலாம். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. சங்கம் வேறு, பகிடிவதை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பகிடிவதைக்காரனுக்கே வசதி.

பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்?

கலைப் பீடங்களில் கூடுதலாக இருப்பவர்கள் அவர்கள்தான். ஆனாலும் கூட்டக் குறிப்பு எழுதுவது பெண்பிள்ளை, மைக் பிடிப்பது ஆண்பிள்ளை. மகள் தலைவியாக வந்தால் தடுக்காதீர்கள். ஹொஸ்டல் கேட் மூடும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு உதவுமா?

சான்றிதழ் ஒரு தாள். நேர்முகத்தில் வாய் திறந்து பேச வந்தால், அது உதவும்.

காசு சேர்க்கிறார்களே, கணக்கு யார் பார்ப்பது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் கோயில்களில் வண்ணக்கர் இருக்கிறார், பள்ளிவாசலில் மரைக்கார்மார் இருந்தார்கள். குடிக்கு ஒருவராக நின்று, ஊர்க் காசுக்கு ஊருக்கு முன்னால் பதில் சொல்பவர்கள். மாணவர் சங்கத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. காசை வாங்கி வைப்பது மாணவராகிய இளம்பொருளாளர். அவருக்கு மேல் பெரும்பொருளாளர், அவர் ஒரு விரிவுரையாளர். செலவுக்கு அவருடைய கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் வட்ஸ்அப்பில் ஒரு கணக்கு இலக்கத்தைப் போட்டுக் காசு கேட்டால், பிள்ளை கொடுக்கத் தேவையில்லை.

நானும் ஒரு காலத்தில் இளம்பொருளாளராக இருந்தவன். பிரியாவிடை முடிந்த மறுநாள் பற்றுச்சீட்டுகளை நூலில் கோர்த்துப் பெரும்பொருளாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். 175 ரூபா உதைத்தது. “என் கையிலிருந்து போடுகிறேன் சேர்” என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். மூன்று நாள் யோசித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: ஸ்பீக்கர் கொண்டுவந்த பொடியனுக்கும் அவன் தம்பிக்கும் நான் கொடுத்த பஸ் காசும் தேத்தண்ணிக் காசும். திரும்பிப் போய்ச் சொன்னேன். அதை அப்படியே கணக்குப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். “பஸ் காசு, தேத்தண்ணி, பற்றுச்சீட்டு இல்லை” என்று எழுதினேன். பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதற்குக் கீழே தன்னுடையதை வைத்தார்.