கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உருவான கதை



கொழும்புக்குப் போனால் கொச்சிக்கடையில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவது நம்ம ஆட்களுக்கு ஒரு வழக்கம். வேதக்காரர் மட்டுமில்லை, திருநீறு பூசினவர்களும்தான். கொலன்னாவை, கொட்டாஞ்சேனை, வத்தளை பக்கம் வேலைக்குப் போயிருக்கிற நம்ம பிள்ளைகள் செவ்வாய்க்கிழமையானால் அங்கே போய் நிற்பார்கள். ஆனால் அந்தக் கோயில் எப்படி வந்தது என்று கேட்டால் ரொம்பப் பேருக்குத் தெரியாது.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கரை நம்பவில்லை. போர்த்துக்கீசருக்கு வேண்டியவர்கள் என்று சந்தேகம். கத்தோலிக்கப் பாதிரியாருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இல் கட்டளை போட்டார்கள். இந்தக் காலத்தில்தான் கொச்சியிலிருந்து அந்தோனியோ என்ற பாதிரியார் வியாபாரி வேஷத்தில் வந்தார். விஷயம் வெளியானதும் ஒல்லாந்தர் துரத்த, முகத்துவாரம் பக்கத்து மீனவர்களிடம் ஓடினார். கடல் எங்கள் ஊரை அரிக்கிறது, அதை நிறுத்தினால் உம்மைக் காப்பாற்றுகிறோம் என்றார்களாம் அவர்கள். அவர் கரையில் சிலுவை நட்டு மூன்று நாள் செபம் செய்ய, கடல் பின்வாங்கியதாக வழிவழியாகச் சொல்கிறார்கள்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். நான் கவனிக்கச் சொல்வது அடுத்து நடந்ததை. ஜனங்கள் கலகம் செய்வார்கள் என்று பயந்த ஒல்லாந்தர், சிலுவை நட்ட இடத்திலேயே அவருக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள் என்கிறது அதே கதை. முதலில் காணி, பிறகுதான் கோயில்! ஏழு பேர்ச்சுக்கு அலைகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதில் மண்ணால் ஒரு சின்னக் கோயில் கட்டி, பதுவை அந்தோனியார் பெயரை வைத்தார். கடைசி வரை அங்கேயே இருந்தார், அங்கேயே அடக்கமானார். கொச்சியிலிருந்து வந்தவருடைய கடை என்பதால்தான் கொச்சிக்கடை என்று ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள்.

1796இல் வெள்ளைக்காரன் வந்தான். 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதி கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை எடுத்துவிட்டார். மண் கோயில் பெரிதானதும் அதே 1806தான். 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் சுரூபம் வந்தது. இன்றைக்கும் தனிப் பீடத்தில் இருப்பது அதுதான். கூட்டம் கொள்ளாமல் 1828இல் புதுக் கோயிலைத் தொடங்கி, 1834 ஜூன் 13, திருநாளன்றே அபிஷேகம் செய்தார்கள். நம்ம முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வரத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய இதுதான். 1938இல் மறுபடியும் இடித்துப் பெருப்பித்து 1940இல் முடித்தார்கள்.

ஏன் இத்தனை தரம் பெருப்பிக்க வேண்டும்? நம்ம மாரியம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். மூலஸ்தானம் சின்னது. அங்கே சாமியும் பூசாரியும் மட்டும்தான், ஜனம் மண்டபத்திலும் வாசலிலும் நிற்கும். கூட்டம் கூடினாலும் கோயிலைத் தொட வேண்டாம், வெளியே ஒரு பந்தல் போட்டால் போதும். வேதக்கோயில் அப்படியில்லை. பூசை நடக்கும்போது சபை முழுதும் உள்ளே, பீடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதனால்தான் அந்த நீளமான கூடம். ஜனம் பெருகினால் கூடமும் பெருகியாக வேண்டும். கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயம் வேறு மாதிரி. அது பெரிய குவிமாடமும் தூண்களுமாக ஆயருக்கென்று திட்டம் போட்டு எழுப்பிய கட்டடம். கொச்சிக்கடை ஜனத்தின் அளவுக்கு வளர்ந்த கட்டடம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஜனம் முழுதும் உள்ளே இருந்ததால்தான் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் அவ்வளவு சாவு. அன்றைக்கு மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. நாடு முழுதும் 260க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கொச்சிக்கடையில் தமிழரும் சிங்களவரும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தார்கள். கடற்படையினர் திருத்த வேலை செய்து, ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முந்தின நாள், கோயிலைத் திரும்பவும் திறந்தார்கள். வெடித்து எட்டுக் கிழமைக்குள்! உள்ளே போனால் நேராக அந்தோனியாரிடம் போய்விடாமல், இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தின் முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஏன் என்று கேட்பவர்களுக்கு: அந்தோனியார் 1231 ஜூன் 13இல் இத்தாலியில் பதுவை நகர் அருகே இறந்தார். அடக்கம் செய்தது அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. 1263இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழுகாமல் இருந்ததாம். அதில் ஒரு சிறு துணுக்குத்தான் கொச்சிக்கடையில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிற திருப்பண்டம். பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. செவ்வாயில் நெரிசல் அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வேறு கிழமை போனால் எல்லாவற்றையும் ஆறுதலாகப் பார்த்து வரலாம்.