க்ளைமாக்ஸ் தெரிஞ்சும் பதறுதே!

எலெக்டிவ் லிஸ்ட்டுல 'மேலை இலக்கியம்'னு ஒரு பேப்பர் இருந்தா, நம்ம இன்ஜினீயரிங் மக்கள் எதுக்கு எடுப்போம்? ஒரே காரணம்தான்... அதுல கணக்கு கிடையாது! நீங்களும் அப்படி எடுத்திருந்தா, உள்ளே ஒருத்தர் காத்திட்டிருக்கார். பேரு ஈடிபஸ். தீப்ஸ் நகரத்து ராஜா.

கதை தெரியும்தானே? 'அப்பாவைக் கொன்னு அம்மாவைக் கல்யாணம் பண்ணுவே'ன்னு டெல்ஃபி கோயில்ல அருள்வாக்கு. அது நடக்கக் கூடாதுன்னு, பெத்தவங்கன்னு நம்பினவங்களை விட்டுட்டு கொரிந்த் நகரத்துலேர்ந்து ஓடி வர்றார். வந்த வழியில எதிர்ப்பட்டு, சண்டையில செத்தவர்தான் நிஜ அப்பா. வந்து சேர்ந்த ஊர்ல ராணியா இருந்தவங்கதான் நிஜ அம்மா.

கி.மு. 5-ம் நூற்றாண்டுல சோஃபக்ளிஸ் இதை நாடகமாப் போட்டப்போ, ஏதென்ஸ் ஜனங்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே அத்துப்படி. சஸ்பென்ஸே கிடையாது. அப்புறம் என்னத்தைப் பார்த்தாங்க? நமக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியலையேங்கிற பதைபதைப்பைத்தான்!

அந்த கொரிந்த் தூதுவர் சீனை மட்டும் நிதானமாப் படிங்க. நல்ல சேதி சொல்லத்தான் வர்றார் மனுஷன். 'ராஜா, உங்கப்பா வயசாகி இறந்துட்டார்'ங்கிறார். 'அம்மா இருக்காங்களே'ன்னு ஈடிபஸ் தயங்க, ஆறுதலா ஒண்ணு சொல்றார். 'அவங்க உங்களைப் பெத்தவங்களே இல்லை. குழந்தையா உங்களைக் கொண்டு போய்க் கொடுத்ததே நான்தான்!' பக்கத்துல நிக்கிற ராணி யொகாஸ்டாவுக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிஞ்சுடுது. 'போதும், மேலே விசாரிக்காதீங்க'ன்னு கெஞ்சுறாங்க. நம்ம ஆளோ, 'நான் ஏழை வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா இவங்களுக்குக் கௌரவக் குறைச்சல் போல'ன்னு நினைக்கிறார்! (இந்த நாடகத்துக்குப் போட்டியில ரெண்டாம் பரிசுதான் கிடைச்சதுன்னு பழைய குறிப்பு சொல்லுது. ஜெயிச்சவரோட நாடகம் ஒண்ணுகூட இன்னிக்கு முழுசா இல்லை.)

எக்ஸாம்ல எப்பவும் வர்ற கேள்வி, 'ஈடிபஸின் குறை என்ன?' கைடுல ரெடியா இருக்கிற பதில், 'அகந்தை'. அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்ட்டியா'வை அப்படி மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க. கிரேக்கத்துல அந்த வார்த்தை, விட்ட அம்பு இலக்கைத் தவற விடுறதுக்கும் சொல்றது. அம்பு தள்ளி விழுந்தா வில்லாளி கெட்டவனா பாஸ்?

நம்ம ஹாஸ்டலையே பாருங்க. அரியர் குவிஞ்சு ஒருத்தன் பெட்டியைக் கட்டினா, அவன் பஸ் ஏறுறதுக்குள்ள 'திமிர்', 'சோம்பேறி', 'லவ்வு'ன்னு காரணம் ரெடி. விடிய விடிய படிச்சவனா இருந்தாலும் இதேதான். அவன்கிட்ட ஒரு குறையைக் கண்டுபிடிச்சுட்டா, நமக்கு அது நடக்காதுன்னு நிம்மதியாத் தூங்கலாமே! எனக்கென்னவோ அஞ்சு மார்க் 'அகந்தை'யும் அதே வேலையைத்தான் செய்யுதுன்னு தோணுது.

கோரஸ் பாட்டு வர்ற பக்கங்களைத் தாண்டிப் போயிடாதீங்க, ப்ளீஸ். மூலத்துல நாடகம் முழுக்கக் கவிதை. கோரஸ் பகுதிகளைக் குழலிசையோட பாடி ஆடியிருக்காங்க. அதுல வர்றவங்க ஊர்ப் பெரியவங்க. உண்மை தெரிஞ்சு, கண்ணைக் குத்திக்கிட்டு ஈடிபஸ் வெளியே வர்றப்போ, அவரைப் பார்க்கவே முடியலைன்னு நடுங்குறாங்க. கேட்கிறதுக்கு எவ்வளவோ இருக்குன்னும் சொல்றாங்க. ஆனா, நாடகம் முடியற வரைக்கும் ஒருத்தரும் அவரை விட்டுட்டுப் போகலை.